வாத்து மார்க் ஹீட்டரும் மூவகைப் பாதுகாப்பும்

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்குச் சலூன்காரரின் மனைவியை வாட்டர் ஹீட்டர் தூக்கிப் போட்டது. கடையின் பின்பக்கத் தொட்டியில் சவரத் துண்டுகளை அலசிக்கொண்டிருந்தவர், சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கக் கை வைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு நினைவிருந்ததெல்லாம் தான் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்திருந்ததும், கையில் ஈரத் துண்டு ஒன்று இருந்ததும்தான். முன்னால் நாற்காலியில் முகத்தில் பாதி நுரையோடு இருந்த வாடிக்கையாளர் என்ன சத்தம் என்று கேட்டார். சலூன்காரர் கத்தியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அந்த வாடிக்கையாளர் மீதி முகத்தை வீட்டுக்குப் போய்த்தான் மழித்துக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஹீட்டர் வாங்கிப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளை நிறத்தில் குண்டாக, வயிற்றில் ஒரு வாத்து படத்தோடு இருக்கும். தொட்டியில் மல்லாந்து படுத்துச் சிரிக்கும் வாத்து. உள்ளே எர்த் ஒயர் இருந்தது, பச்சையாக, நல்ல தடிமனாக. ஆனால் அது எங்கும் போய்ச் சேரவில்லை. ஒரு சாண் தூரம் உள்ளே வந்து, நுனியில் அழகான ஒரு முடிச்சோடு நின்றுவிட்டது. இது மறதியில் விட்டுப்போனது இல்லை, முடிச்சுப் போடுவதற்கென்றே ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்றார் எலக்ட்ரீஷியன். ஒன்றில் இப்படி இருந்தால் எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

எல்லாவற்றிலும் என்ற வார்த்தையைக் கேட்டதும் சலூன்காரர் போனைத் தேடினார். அவருடைய தங்கை வீட்டிலும் அதே வாத்து இருந்தது. அதைவிட ஒரு சைஸ் பெரிய வாத்து. தங்கைக்கு ஆறு மாதக் குழந்தை. தினமும் காலையில் அந்தத் தண்ணீரில்தான் குளியல்.

தங்கைக்குப் போன் செய்தார். தங்கை உடனே நம்பினாள். நம்ப மறுத்தது அவள் கணவர். அவர் தபால் நிலையத்தில் எழுத்தர். முத்திரை விழாத எதையும் அவர் நம்பியது கிடையாது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட உள்ளே பிரிப்பதற்கு முன் உறையில் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர். போதாக்குறைக்கு, இந்த ஹீட்டரைத் தேடிப்பிடித்து, தானும் வாங்கி, மச்சானையும் வாங்க வைத்தவர் அவர்தான். மனைவியிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"உங்க வீட்டு ஒயரிங் பழசு மச்சான். மெஷின் மேல பழியப் போடாதீங்க. கவர்மெண்ட் அனுமதி இல்லாமலா இவ்வளவு பெரிய கம்பெனி விக்குது? அது தப்புன்னு கவர்மெண்டே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கட்டும். அந்த நிமிஷமே கழட்டறேன்."

சலூன்காரர் ஹீட்டர் விற்ற கடைக்குப் போனார். சுவரில் ஏறிய சாமானுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் செய்தார். வாத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பெண் குரல் நன்றி சொல்லியது. மகிழ்ச்சியாக இருந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது. வேறு எந்த எண்ணும் சொல்லப்படவில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு ஒன்றை அழுத்தினார். குரல் மறுபடியும் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

ஆக, மாப்பிள்ளை கேட்ட பேப்பரை வாங்கச் சட்டப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போவதைத் தவிர வழி இருக்கவில்லை.

அந்த அலுவலகம் நான்கு மாடிக் கட்டடம். முகப்பில் கல்லில் வெட்டியிருந்தார்கள்: 'நுகர்வோரையும் வணிகரையும் பொதுமக்களையும் காக்கிறோம்.' யாரிடமிருந்து என்று வெட்டவில்லை. கல்லில் இடம் போதாமல் இருந்திருக்கலாம். நுகர்வோர் பிரிவு, வணிகர் பிரிவு, பொதுமக்கள் பிரிவு என்று மூன்று பிரிவுகள், மூன்று வாசல்கள். ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே போக வழி கிடையாது. தெருவுக்கு வந்து, சுற்றிக்கொண்டு அடுத்த வாசலில் நுழைய வேண்டும். மூன்று பிரிவு அதிகாரிகளும் மதியச் சாப்பாட்டை மட்டும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள்.

நுகர்வோர் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். கருணையான முகம். சலூன்காரர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு ரசீதை வாங்கிப் பார்த்தார். ரசீது மனைவி பெயரில் இருந்தது. அப்படியானால் நுகர்வோர் நீங்கள் இல்லை, ஷாக் அடித்ததும் உங்களை இல்லை, உங்களுக்கும் இந்த ஹீட்டருக்கும் சட்டப்படி எந்த உறவும் கிடையாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு மனைவியோடு போனார். அந்த அம்மா மனைவியை நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஹீட்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டார். கடை கீழே, வீடு மேலே, ஹீட்டர் மாடிப்படிச் சுவரில், தண்ணீர் இரண்டு பக்கமும் போகும் என்று மனைவி விளக்கினார். அம்மா பேனாவை மூடிவிட்டு மறுபடியும் திறந்தார்.

"ஷாக் அடிச்சப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"துண்டு அலசிட்டிருந்தேன்."

"வீட்டுத் துண்டா, கடைத் துண்டா?"

மனைவி உண்மையைச் சொன்னார். அதுதான் அவர் செய்த தவறு. கடைத் துண்டு என்றால் வணிகப் பயன்பாடு. அந்த நேரத்தில் அவர் நுகர்வோர் இல்லை, ஒரு வணிகத்தின் அங்கம். துண்டுகளுக்கு நடுவில் வீட்டுத் துண்டு ஒன்றாவது இருந்திருக்கக்கூடாதா என்று அந்த அம்மா ஆதங்கப்பட்டார். அடுத்த முறை ஷாக் அடிக்கும்போது கொஞ்சம் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டு, வணிகர் பிரிவுக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்து சுற்றிக்கொண்டு வணிகர் பிரிவுக்குப் போனார்கள். அங்கே மெத்தை வைத்த நாற்காலி, காபி. அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். சலூன்காரரின் கையை அரசாங்கத்தில் யாரும் அதுவரை பிடித்துக் குலுக்கியதில்லை. அதிகாரி அவரிடம் வழவழப்பான ஒரு கையேட்டைக் கொடுத்தார். 'வணிகரே, அஞ்ச வேண்டாம்' என்று அதன் தலைப்பு. முதல் பக்கத்தில், 'தெருவில் நடந்து போகும் ஒவ்வொருவரும் உங்கள் நாளைய வாடிக்கையாளரே' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"உங்க மேல யார் புகார் குடுத்திருக்காங்க, சொல்லுங்க. பாத்துக்கலாம்."

யாரும் கொடுக்கவில்லை, தான்தான் புகார் கொடுக்க வந்திருப்பதாகச் சலூன்காரர் சொன்னார். அதிகாரியின் முகம் சுருங்கியது. ஹீட்டர் கம்பெனியும் வணிகர்தான், நீங்களும் வணிகர்தான், ஒருவரிடமிருந்து ஒருவரை எப்படிக் காப்பது என்றார். சலூன்காரர் சின்ன வணிகர், கம்பெனி பெரிய வணிகர் என்று மனைவி எடுத்துச் சொன்னார். இந்தப் பிரிவு அப்படியெல்லாம் பேதம் பார்ப்பதில்லை என்று அதிகாரி பெருமையோடு சொன்னார்.

"ஒரு தாய்க்கு ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு இன்னொண்ண அடிச்சுட்டு வந்தா, அந்தத் தாய் யார அடிப்பாம்மா?"

"அடிச்சதத்தான்," என்றார் மனைவி.

அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பிரிவு தொடங்கிய பதினெட்டு ஆண்டுகளில் தங்களால் பாதுகாக்கப்பட்ட எந்தக் கம்பெனியும் ஒரு நாள்கூடச் சிரமப்பட்டதில்லை, வேண்டுமானால் கம்பெனிகளையே கேட்டுப் பாருங்கள் என்றார். பிறகு திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டவர்போல, இந்த ஹீட்டர் தண்ணீரில் வாடிக்கையாளர்களுக்குச் சவரம் செய்தீர்களா என்று கேட்டார். பத்தொன்பது நாள் செய்ததாகச் சலூன்காரர் சொன்னார். ஹீட்டர் ஆபத்தானது என்று அவர்களை எச்சரித்தீர்களா என்று கேட்டார். எனக்கே அப்போது தெரியாது என்றார் சலூன்காரர். அதிகாரியின் முகம் மறுபடியும் மலர்ந்தது.

"அப்படிச் சொல்லுங்க. உங்க மேல வழக்கு வர நிறைய வாய்ப்பு இருக்கு. வரட்டும். உங்கள நாங்க காப்பாத்தறோம்."

வெளியே வந்து மூன்றாவது வாசலுக்குப் போனார்கள். பொதுமக்கள் பிரிவின் கதவில் 'பொதுமக்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. சலூன்காரர் திரும்பிவிடலாம் என்றார். மனைவி கதவைத் தட்டினார். உள்ளே இருந்த அதிகாரிக்கு ஆள் வந்ததில் அதிர்ச்சி. மேஜை துடைத்துவிட்டதுபோல இருந்தது. எழுதியிருப்பதைப் படிக்கவில்லையா என்று கேட்டார். படித்தோம், நாங்கள் இரண்டு பேர்தான், பொதுமக்கள் இல்லை என்றார் மனைவி. அது சரி என்று பட்டிருக்க வேண்டும், அவர் உள்ளே விட்டார்.

எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யாரும் இல்லை என்றதும், அப்படியானால் இது இன்னும் பொதுப் பிரச்சினை ஆகவில்லை என்று விளக்கினார். ஒருவருக்கு நேர்ந்தால் அது தனிப்பட்ட துயரம். வெவ்வேறு தெருக்களில் ஐந்து பேருக்காவது நேர்ந்தால்தான் பொதுநலன் என்ற சொல்லை ஒரு கோப்பின் மேல் எழுதலாம். சலூன்காரர் தங்கையின் குழந்தையைப் பற்றிச் சொன்னார். அதிகாரி இரக்கத்தோடு கேட்டுவிட்டு, அது குடும்ப விவகாரம், இந்த அலுவலகம் குடும்பங்களுக்குள் தலையிடுவதில்லை என்றார்.

அப்படி அவர் சொல்லிப் பத்து நாள் கழித்து, சலூன்காரரின் மனைவிக்கு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுப்பின் முன்னால் நின்று இரண்டு முறை படித்தார். பிறகு மாடிப்படியில் இறங்கிக் கடைக்கு வந்தார்.

"ஏங்க, உங்க மேல வழக்குப் போடச் சொல்லி எனக்கு லெட்டர் வந்திருக்கு."

நடந்தது இதுதான். வணிகர் பிரிவு அதிகாரி சொன்ன சொல் தவறாமல் சலூன்காரரைக் காப்பாற்ற முடிவு செய்திருந்தார். காப்பாற்றுவதற்கு முதலில் ஒரு புகார் வேண்டும். புகார் கொடுக்க ஆள் தேடும்படி நுகர்வோர் பிரிவுக்கு எழுதினார். அந்தச் சலூனில் ஹீட்டரால் பாதிக்கப்பட்டவர் என்று பதிவேட்டில் ஒரே ஒருத்தர் பெயர்தான் இருந்தது. கணவருக்கு எதிராகப் புகார் கொடுப்பதாக இருந்தால் மனைவியை வணிகத்தின் அங்கமாகக் கருத மாட்டோம், முழு நுகர்வோராகவே மதிப்போம் என்று கடிதத்தில் உறுதி கொடுத்திருந்தார்கள்.

சலூன்காரர் கடிதத்தைக் கிழித்துப்போடச் சொன்னார். மனைவி யோசித்தார். ஒரு மாதம் ஆகப்போகிறது, இதுவரை ஒருத்தரும் ஹீட்டர் என்ற வார்த்தையை ஒரு காகிதத்தில் எழுதவில்லை. வழக்கு என்று வந்தால் எழுதித்தானே ஆகவேண்டும் என்றார். அன்றைக்குக் காலையில்தான் தங்கை போனில் அழுதிருந்தாள். வம்புக்கென்றே இப்போதெல்லாம் மாப்பிள்ளைதான் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாராம். நேற்றுக் குழாயைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தண்ணி ரொம்ப சூடு என்றாராம். தண்ணீர் அப்போது இன்னும் சூடாகவே ஆரம்பிக்கவில்லையாம்.

மனைவி கையெழுத்துப் போட்டார். தன் மேலான அந்தப் புகாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சலூன்காரர்தான்.

வழக்கு முடியும்வரை இரு தரப்பும் அதைப் பற்றி நேரடியாகப் பேசக்கூடாது என்று உத்தரவு வந்தது. பேச வேண்டியதை எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினால் பதினைந்து வேலை நாளில் எதிர்த் தரப்புக்குச் சேர்ப்பிப்பார்கள். இருவரும் சட்டத்துக்குப் பயந்தவர்கள். இரண்டு நாள் அப்படியே இருந்தார்கள். மூன்றாம் நாள் மனைவி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, எதிர்த் தரப்பு இன்னும் சாப்பிடவில்லை என்று பொதுவாகச் சொன்னார். எதிர்த் தரப்பு வந்து சாப்பிட்டது.

விசாரணை அன்று தலைமைச் சட்ட ஆலோசகரே நேரில் வந்து உட்கார்ந்தார். நுகர்வோர் பிரிவின் அம்மா மனைவிக்காகவும், வணிகர் பிரிவின் அதிகாரி கணவருக்காகவும் வாதாடினார்கள். வணிகர் பிரிவு அதிகாரி, தன் கட்சிக்காரர் அப்பாவி என்றும், மனைவி எச்சரிக்கை இல்லாமல் குழாயைத் தொட்டார் என்றும் வாதாடினார். எச்சரிக்க வேண்டியது கணவரின் கடமை என்றார் அம்மா. சலூன்காரர் ஹீட்டரின் உள்ளே எடுத்த போட்டோவை நீட்டினார். குமாஸ்தா அதை வாங்கி, 'கணவர் எடுத்த புகைப்படம்' என்று எழுதிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். போட்டோவில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கம்பெனியைக் கூப்பிட மாட்டீர்களா என்று மனைவி எழுந்து கேட்டார்.

தலைமை ஆலோசகர் மென்மையாகப் பதில் சொன்னார். "கம்பெனி இந்த வழக்குல ஒரு தரப்பு இல்லம்மா. இல்லாதவங்களப் பத்தி அவங்க முதுகுக்குப் பின்னால பேசறது நாகரிகம் கிடையாது."

பிறகு அவர் கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சில வார்த்தைகள் பேசினார். கூடியிருந்தவர்கள் என்றால் அவருடைய அலுவலர்கள்தான்.

"இந்த வழக்கு நம்ம ஆபீசுக்கு ஒரு பெருமை. வழக்கமா ஒரு நுகர்வோரக் காப்பாத்தணும்னா ஒரு ஊருக்குப் போகணும், ஒரு வணிகரக் காப்பாத்தணும்னா இன்னொரு ஊருக்குப் போகணும். இங்க ஒரே வீட்டுல ரெண்டு பேரையும் காப்பாத்திட்டோம். வருஷ அறிக்கையில இத ரெண்டாக் காட்டலாம். இனிமே கல்யாணம் ஆனவங்க மேல நாம தனிக் கவனம் செலுத்தணும்."

அலுவலர்கள் கைதட்டினார்கள். தீர்ப்பு ஒரு பக்கத்தில் முடிந்தது. ஹீட்டர் ஆபத்தானதா என்ற கேள்விக்குள் அலுவலகம் போக விரும்பவில்லை. ஆனால் சலூன்காரர் எச்சரிக்கத் தவறியது உண்மை. எனவே வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தெரியும்படி, எளிய மொழியில், அவர் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். வருஷ அறிக்கை வரும்வரை வழக்கு கோப்பில் திறந்தே இருக்கும், பேசக்கூடாது என்ற உத்தரவும் அதுவரை செல்லும்.

சலூன்காரர் தீர்ப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாக மற்றவர்கள் முகத்தருகே கத்தி பிடித்து நிற்பவர். வம்புதும்புக்குப் போகாதவர். ஆனால் தீர்ப்பைப் பிரித்து நாலாவது முறை படித்தபோது, பலகை எவ்வளவு பெரியது என்று அதில் சொல்லப்படவில்லை என்பதைக் கவனித்தார். கையேட்டை எடுத்துப் புரட்டினார். தெருவில் நடந்து போகும் ஒவ்வொருவரும் அவருடைய வாடிக்கையாளர் என்று அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்திருந்தது. லாரிகளுக்கு நம்பர் எழுதும் பெயின்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆறடி நீளம், மூன்றடி உயரத் தகரம். கடையின் நெற்றியில் ஏறியது. 'எச்சரிக்கை. வாத்து மார்க் ஹீட்டர் ஷாக் அடிக்கும். உள்ளே எர்த் ஒயரை எதோடும் சேர்க்காமல் முடிச்சுப் போட்டு விட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் உடனே ஸ்விட்சை அணைத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டவும்.' சிவப்பு எழுத்து. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டுப் படித்தார்கள். அந்த வாரம் எலக்ட்ரீஷியன் பதினான்கு வீடுகளில் மூடி கழற்றினார். பதினான்கிலும் முடிச்சு இருந்தது. ஒரே கை போட்ட முடிச்சு என்று அவர் சத்தியம் செய்தார்.

மாப்பிள்ளையும் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, அண்ணாந்து, முழுவதும் படித்தார். சலூன்காரர் வாசலுக்கு வந்து நின்றார்.

"நீங்க எழுதினதுதான மச்சான்? முத்திரையும் இல்ல, கையெழுத்தும் இல்ல. பெயின்ட் வாசனைதான் வருது."

தீர்ப்பைக் காட்டினார் சலூன்காரர். மாப்பிள்ளை முத்திரையைப் பார்த்தார், அசல்தான். ஆனால் ஹீட்டர் ஆபத்தானதா என்ற கேள்விக்குள் போக விரும்பவில்லை என்ற வரியில் விரல் வைத்துக் காட்டிவிட்டு சைக்கிளில் ஏறிக்கொண்டார். அன்று ராத்திரி முழுக்கச் சலூன்காரர் புரண்டுகொண்டிருந்தார் என்று மனைவி பிறகு சொன்னார். சட்டம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பலகையைப் பற்றிக் கேள்விப்பட்ட கம்பெனி, சட்டப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. சலூன்காரர் ஒரு மாதமாக ஏறி இறங்கியும் அசையாத கட்டடம், இரண்டு நாளில் ஜீப்பில் ஏறி வந்தது. மூன்று பிரிவு அதிகாரிகளும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். ரகசியம் காக்க மூன்று பேரும் மூன்று ஜன்னல் வழியாக வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். பொதுமக்கள் பிரிவு அதிகாரிக்கு அதுதான் முதல் வெளி வேலை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைப் பார்த்து, இவர்கள்தானா என்று மெதுவாகக் கேட்டார்.

பலகையை உடனே இறக்க வேண்டும் என்றார் வணிகர் பிரிவு அதிகாரி. பலகை வைக்கச் சொன்னதே நீங்கள்தான் என்றார் சலூன்காரர். வைக்கச் சொன்னது நுகர்வோர் பிரிவு, இறக்கச் சொல்வது வணிகர் பிரிவு, இரண்டுக்கும் கீழ்ப்படிவதுதான் நல்ல குடிமகனுக்கு அழகு என்று விளக்கினார்கள். பதினான்கு வீட்டிலும் அதே முடிச்சு என்று மனைவி பொதுமக்கள் பிரிவு அதிகாரியிடம் சொன்னார். அவர் ஆர்வமாக, எத்தனை பேர் என்று ஆரம்பித்து, பதிலை மனைவியின் முகத்திலேயே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சலூன்காரர் ஏணியில் ஏறிப் பலகையைத் தானே இறக்கினார். கீழே நின்று மனைவி தாங்கிப் பிடித்தார். பெரிய பலகை, இருவரும் சேர்ந்துதான் உள்ளே தூக்கிப் போக முடிந்தது. உள்ளே வைத்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"போதும். நாளைக்கு நானே தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒயர வெட்டிட்டு வரேன். அப்புறம் அவர் என் மூஞ்சியிலயே முழிக்காட்டியும் பரவாயில்ல," என்றார் சலூன்காரர்.

மனைவி உத்தரவை மீறி, "நானும் வரேன்," என்றார்.

அவர்கள் போகத் தேவை ஏற்படவில்லை. காரணம், அலுவலகத்தின் விதிகளில் இருபத்தோராவது விதி. பொதுமக்கள் பார்வையிலிருந்து ஒன்றை அகற்றினால், எதை அகற்றினோம் என்பதைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். அகற்றிய வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதை மறுபடி எழுதக்கூடாது என்று மக்களுக்கு எப்படித் தெரியும். அறிவிப்பு அகற்றிய பொருளைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. வேறு யாரும் அதே தவற்றைச் செய்துவிடாதபடி, ஹீட்டர் விற்கும் எல்லாக் கடைகளிலும், எல்லா அரசு அலுவலகங்களிலும் ஒரு பிரதி ஒட்டப்பட வேண்டும். ஒட்டியதைக் கிழிப்பது குற்றம். பதினெட்டு ஆண்டுகளில் யாரும் பயன்படுத்தாத விதி. பொதுமக்கள் பிரிவு அதிகாரி, தன் கோப்பு ஒன்றாவது வெளியே போக வேண்டும் என்ற ஆசையில், அன்று மாலையே அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை சலூனின் நெற்றியில், பழைய பலகை இருந்த அதே இடத்தில், அலுவலக ஆட்கள் ஆறே கால் அடி நீளத்துக்குப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

'இவ்விடத்தில் "எச்சரிக்கை. வாத்து மார்க் ஹீட்டர் ஷாக் அடிக்கும். உள்ளே எர்த் ஒயரை எதோடும் சேர்க்காமல் முடிச்சுப் போட்டு விட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் உடனே ஸ்விட்சை அணைத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டவும்" என்று எழுதப்பட்டிருந்த பலகை, பொதுநலன் கருதி அகற்றப்பட்டது என்று இதன்மூலம் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது.' கீழே தலைமைச் சட்ட ஆலோசகரின் கையெழுத்து. பக்கத்தில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு அரசு முத்திரை.

அதே காலை தபால் நிலையத்துக்கும் ஒரு கட்டு வந்து சேர்ந்தது. அறிவிப்புகளை ஒட்டுவது எழுத்தர் வேலை. மாப்பிள்ளை கட்டைப் பிரித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தெளிவாக இருந்தது. கோப்பு எண்ணைச் சரிபார்த்தார். கையெழுத்து மாதிரியை எடுத்து ஒப்பிட்டார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, நான்கு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் இல்லாமல் நீவி ஒட்டினார். அவர் கை ஒட்டுவதில் தேர்ந்த கை. ஒட்டி முடித்து இறங்கி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தபோதுதான் அதைப் படித்தார்.

ஸ்டாம்பு வாங்க வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பின்னால் சொன்னது இது: அந்த மனிதர் படித்துக்கொண்டே இருந்தார், பிறகு தன் வலது கை விரல்களைப் பார்த்தார், பிறகு கவுன்டரை மூடாமலே வெளியே போனார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கவுன்டரை மூடாமல் எழுந்து போனதில்லை. சைக்கிளை எடுத்தும் போகவில்லை, ஓடினார்.

பதினொன்றரை மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கழட்டிட்டார்," என்று மட்டும் சொன்னாள். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. சலூன்காரர் சரி என்றார். நாற்காலியில் இருந்தவருக்கு வலது கிருதாவைவிட இடது கிருதா அன்று கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

அலுவலகத்தின் கதை அதன்பிறகும் நின்றுவிடவில்லை. முத்திரையோடு சுவருக்குச் சுவர் அறிவிப்பைப் பார்த்ததும் கடைகளில் வாத்து விற்பது நின்றது, விற்றவை திரும்பி வந்தன. கம்பெனி, சட்டப் பாதுகாப்பு அலுவலகத்தின் மேலேயே அந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தது. வணிகர் பிரிவு கம்பெனிக்காகப் பொதுமக்கள் பிரிவின் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. கிழித்துவிடலாம் என்றால் கிழிப்பது குற்றம். அகற்றலாம் என்றால், அகற்றப்பட்டதை அறிவிக்க அதைவிடப் பெரிய அறிவிப்பு ஒட்ட வேண்டும். மூன்று அதிகாரிகளும் இப்போது தனித்தனி மேஜையில் சாப்பிடுவதாகக் கேள்வி. கணவன் மனைவி வழக்கு இன்னும் கோப்பில் திறந்தேதான் இருக்கிறது.

மாப்பிள்ளை மூன்று வாரம் சலூன் பக்கம் வரவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை, தாடியோடு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். சலூன்காரர் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவர் முகத்தில் போட்டார். துண்டுக்கு அடியிலிருந்து கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"மச்சான், வெளியில ஒட்டியிருக்காங்கல்ல, அந்த நோட்டீஸ் ஒரு பக்கம் அரை இஞ்சு சாஞ்சிருக்கு."

"இருக்கட்டும் மாப்பிள்ள," என்றார் சலூன்காரர், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"பசையும் சரியில்ல. மழை வந்தா உரிஞ்சிடும். எங்க ஆபீஸ்ல நல்ல பசை இருக்கு. நாளைக்கு நானே வந்து ஒட்டறேன்."